மூன்றாவது கொக்கி

கல்பாத்தி, பாலக்காடு
ஜூன் 9, 2025

சங்கரிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் வைத்துவிடப் பார்ப்பாய். பிரித்துவிடு. நான் இன்னும் இருக்கிறேன். தொண்டையில் போட்ட துளையை மூடிவிட்டார்கள். ஆனால் ஆறு மாதத்துக்குக் குரல் எழுப்பக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷம் தீயணைப்பு வேலையில் கத்தியே காலம் தள்ளியவனுக்கு இது சரியான தண்டனை என்று நீலாம்பாள் நினைக்கிறாள். பெண்டாட்டி என்பதால் வெளியே சொல்வதில்லை. அவள் பிறந்த வீட்டில்தான் கிடக்கிறேன். இடது காலில் இரும்புப் பட்டை. வாயைத் திறக்கப் போனால் "பேசாதேங்கோ, எழுதிக் காட்டுங்கோ" என்று எங்கள் பெண் அஞ்சனாவின் பழைய நோட்டை நீட்டுகிறாள். இது அந்த நோட்டிலிருந்து கிழித்த தாள்.

போனில் எழுதலாமே என்பாய். நீதான் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாயே. தவிர, தமிழில் கடிதம் போட்டால் நம் நிலையத்தில் உன்னைத் தவிர வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது. நாம் இரண்டு பேரும் அங்கே தமிழில் பேசினாலே மற்றவர்கள் தங்களைத் திட்டுகிறோம் என்று நினைப்பார்கள். பாதி நேரம் அது உண்மையும்கூட.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மெமோ வந்திருக்கிறது. ஏப்ரல் 29, மிளகாய்க் கிடங்குத் தீயில், நிலைய அதிகாரி ஆனந்தகுமார் சார் 'நில்' என்று உத்தரவிட்டும் நான் காற்று தீரப்போகும் சிலிண்டருடன், எந்தக் காரணமும் இல்லாமல், மறுபடி உள்ளே போனேனாம். காரணத்தை எழுதிக் கொடுத்தேன்: பலகையில் சங்கரியின் டேலி தொங்கியது. அதற்குப் பதிலாக உன் வாக்குமூலத்தைக் காட்டினார்கள். நீ முன்பே வெளியே வந்து டேலியை எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய்.

டேலி என்றால் என்ன என்று நேற்று அஞ்சனா கேட்டாள். எழுதிக் காட்டினேன். பெயர் போட்ட மஞ்சள் வில்லை. புகைக்குள் போகிறவர் அதை வண்டியில் இருக்கும் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் தானே எடுக்க வேண்டும், தொங்கினால் ஆள் உள்ளே இருப்பதாகக் கணக்கு என்று. "அப்போ சங்கரி அக்கா உள்ளே இருந்தாளா?" என்றாள். நோட்டை மூடினேன்.

சார் போன வாரம் பழங்களோடு வந்தார். "புகையில் கண் தவறியிருக்கும் வெங்கிடா" என்று ஆறுதலாகச் சொன்னார். அந்த ஆறுதல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. வேலை போனால் போகட்டும். எனக்கு ஒன்றை மட்டும் சொல். மூன்றாவது கொக்கியில் உன் டேலி இருந்ததா, இல்லையா? என் கண்ணை நான் நம்பலாமா, கூடாதா?

வெங்கிடராமன்


மட்டாஞ்சேரி
ஜூன் 20, 2025

வெங்கிடண்ணாவுக்கு வணக்கம்.

என் தமிழில் பிழை இருந்தால் சிரிக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். பிராட்வே சந்தையில் சுமை இறக்கிவிட்டு அப்பா வாங்கி வரும் தமிழ்ப் பேப்பரில் எழுத்துக் கூட்டிப் படித்ததுதான் என் தமிழ்.

மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாளில் பதினொரு மரம் வெட்டி எடுத்தோம். கையெல்லாம் பிசின், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. ஒரு கிணற்றில் ஆடு விழுந்தது. வலையில் தூக்கி மேலே கொண்டு வந்ததும் அது ஸ்டியரிங்கை விட்டு இறங்கி வந்த சேவியர் சேட்டனைத்தான் முதலில் முட்டியது. நேற்று மீன் விற்கும் ஒரு அம்மா விரல் வீங்கி வந்தார். நீங்கள் காட்டிக் கொடுத்த மாதிரி நூலைச் சுற்றிச் சுற்றியே மோதிரத்தைக் கழற்றினேன். வெட்டாமல் எடுத்ததற்கு அவர் அழுதார். இறந்துபோன கணவர் போட்டதாம். இடப்பள்ளியில் ஒரு மாலில் ஒத்திகை நடத்தினோம். தீ என்று சங்கு ஊதினால் ஜனங்கள் ஓடுவதற்குப் பதிலாக எங்களைப் படம் எடுத்தார்கள். அதிலும் பெண் என்பதால் என்னைக் கூடுதலாக எடுத்தார்கள். இருபத்துநாலு மணி நேரம் முடிந்து வீட்டுக்குப் போனால் பூட்ஸைக் கழற்றக் கூடக் குனிய முடியவில்லை அண்ணா. அம்மா கழற்றி விடுகிறாள்.

உங்கள் டேலி இன்னும் இரண்டாவது கொக்கியிலேயே தொங்குகிறது. உங்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள், அது அங்கேயே நின்றுவிட்டது. வண்டி கழுவும்போது நான் அதை எடுத்துத் துடைக்கக் கை நீட்டினேன். சேவியர் சேட்டன் பின்னாலிருந்து, "அது தொடண்ட மோளே. அவன் வந்து எடுத்தோளும்" என்றார். ஒருவருடைய டேலியை இன்னொருவர் தொடக் கூடாது என்று அவர் வைத்திருக்கும் சட்டம் உங்களுக்கும் தெரியும். அதனால் எந்தத் தீக்குப் போனாலும் பலகையில் உங்கள் பெயரும் எங்களோடு வருகிறது.

நீங்கள் கேட்டது. அன்றைக்குப் புகை மிகவும் அதிகம். எனக்கு எல்லாம் சரியாக நினைவில் இல்லை. எழுதிக் கொடுத்ததைத்தான் எழுதிக் கொடுத்தேன். இன்னும் எட்டு மாதத்தில் என் வேலை நிரந்தரமாக வேண்டும். உங்களுக்குத் தெரியாதது இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கரி


கல்பாத்தி
ஜூன் 27, 2025

சங்கரி,

மரம் பதினொன்று, ஆடு ஒன்று, மோதிரம் ஒன்று. நான் கேட்டது டேலி ஒன்று, அதைக் காணோம்.

உனக்கு நினைவில்லை என்றால் என் நினைவைத் தருகிறேன். முன்வாசல் வழியாக நாம் இரண்டு பேரும் ஜோடியாக உள்ளே போனோம். மரப் பரணுக்கு ஏறும் படிக்கட்டடியில் உன்னை நிறுத்தினேன். "ஹோஸைப் பிடிச்சிண்டு இங்கேயே நில், நான் வர வரைக்கும் அசையாதே" என்றேன். மேலே மூட்டைகளுக்கு நடுவில் ஹோஸ் சிக்கியிருந்தது. எடுத்துவிட்டு இறங்கினால் நீ இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முகமூடிக்குள் கத்தினால் என்ன கேட்கும்? தரையில் தவழ்ந்து கையால் துழாவினேன். ஒரு சாக்கு மூட்டையை நீதான் என்று நினைத்துப் பிடித்து இழுத்தேன். அதற்குள் காற்று தீரப்போகிறது என்று என் சிலிண்டர் விசில் ஊதத் தொடங்கிவிட்டது. ஹோஸைப் பிடித்தபடி முன்வாசலுக்கு வந்தேன். நீ அங்கேயும் இல்லை. பலகையைப் பார்த்தேன்.

புது சிலிண்டரோடு அடுத்த ஜோடி வரும்வரை நிற்கச் சொன்னார் சார். அவர் சொன்னது சரி. பலகையைக் கவனிக்க வேண்டிய சேவியரைப் பார்த்து மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள், பம்பில் தண்ணீர் வரவில்லை. அவன் பலகையைப் பார்க்கவே இல்லை. நான் மட்டும்தான் பார்த்தேன். இரண்டு நிமிஷம் மிளகாய்ப் புகையில் கிடந்தால் ஒரு ஆள் என்ன ஆவான் என்று எனக்குத் தெரியும். அதனால் போனேன். பரண் என் மேல் விழும்வரை உன் பெயரைச் சொல்லித் தேடினேன்.

அங்கே யாருமே இல்லை, பலகையிலும் ஒன்றும் இல்லை என்கிறாய். அப்படியானால் நான் பைத்தியக்காரன். பைத்தியக்காரனுக்கு யூனிஃபார்ம் எதற்கு? இப்போது வீட்டில் சுவிட்சை அணைத்தேனா என்று மூன்று முறை போய்ப் பார்க்கிறேன். அடுப்பை நீலாம்பாள் அணைத்ததை என் கண்ணாலேயே பார்த்துவிட்டு, பார்த்தேனா என்று அவளிடமே எழுதிக் கேட்கிறேன். அவள் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

எட்டு மாதம் உனக்கு முக்கியம்தான். மனசு வராவிட்டால் இனி எழுத வேண்டாம்.

வெங்கிடராமன்


மட்டாஞ்சேரி
ஜூலை 19, 2025

வெங்கிடண்ணாவுக்கு,

இருந்தது. மூன்றாவது கொக்கியில் என் டேலி இருந்தது. உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

இதை எழுத எனக்கு மூன்று வாரம் ஆனது. போன செவ்வாய் வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் சின்னத் தீ. உள்ளே போக என் முறை. டேலியை மாட்டப் போனால் உங்கள் டேலிக்குப் பக்கத்துக் கொக்கிதான் காலி. மாட்டினேன். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஆடின. உள்ளே போய்த் தீயை அணைத்து வந்துவிட்டேன், அது பெரிய வேலை இல்லை. வெளியே வந்து என்னுடையதை மட்டும் எடுத்தேன். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு பெல் அடித்தபோது அவசரத்தில் கொண்டையை உயரத் தூக்கிப் போட்டுவிட்டேன். கொண்டை கழுத்தோடு தாழ்ந்திருந்தால்தான் முகமூடிப் பட்டை இறுகும் என்று பயிற்சியில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்கள். படிக்கட்டடியில் நிற்கும்போது இடுக்கு வழியாக மிளகாய்ப் புகை உள்ளே வந்தது. இருமினேன். அப்புறம் வாந்தி. முகமூடிக்குள்ளேயே எடுத்துவிட்டேன் அண்ணா. மூக்கு, கண், எல்லாவற்றிலும். மூச்சு இழுத்தால் அதுதான் வருகிறது. செத்தேன் என்று நினைத்தேன். அப்போது பின்பக்கம், காயல் பக்கத்துக் கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. ஹோஸை விட்டுவிட்டு அதை நோக்கி ஓடினேன்.

வெளியே வந்து மூச்சு வாங்கியதுமே முன்பக்கம் ஓடி வந்திருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நான் என்ன செய்தேன் தெரியுமா? படித்துறையில் குனிந்து முகமூடியைக் கழுவினேன். கோட்டைக் கழுவினேன். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று.

ஏன் என்று கேட்பீர்கள். திருச்சூர்ப் பயிற்சியில், புகை அறையில் முதல் நாள் எங்களில் ஸுப்ரியா வாந்தி எடுத்தாள். அன்றிலிருந்து எங்கள் பெண்கள் பேட்ச் முழுக்கவும் 'சர்தி பேட்ச்' ஆனது. அறுபது கிலோ பொம்மையைத் தோளில் போட்டு ஏணி இறங்கினாலும் வாந்தி பேட்ச். ஓட்டத்தில் முதலில் வந்தாலும் வாந்தி பேட்ச். வேலைக்குச் சேர்ந்த பிறகும் வேறு நிலையத்து ஆள்கள் அதைச் சொல்லியே சிரிப்பார்கள். நான் ஒரு தடவைகூட எடுத்ததில்லை என்பதுதான் எனக்கு இருந்த ஒரே பெருமை.

கழுவி முடித்துச் சந்து வழியாகச் சுற்றி வந்தபோது எல்லாரும் உங்கள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். யாரைத் தேடிப் போனீர்கள் என்று புரிந்தது. அப்போதுகூட வாயைத் திறக்காமல், யாரும் பார்க்காத நேரத்தில் என் டேலியை எடுத்துப் பைக்குள் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? பிறகு யோசித்துத்தான் பொய் எழுதினேன்.

மன்னியுங்கள் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

சங்கரி


கல்பாத்தி
ஜூலை 28, 2025

சங்கரி,

உன் கடிதத்தின் முதல் வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. அன்றைக்கு அடுப்பை ஒரு தடவைதான் பார்த்தேன். அணைந்திருந்தது. போய்ப் படுத்துவிட்டேன்.

மற்ற வரிகளைப் படித்ததும் வந்த கோபத்தில் ஊன்றுகோலை வீசினேன். சுவரில் இருந்த பஞ்சாங்கம் விழுந்தது. காலுக்காகக் கோபம் இல்லை. பரண்கள் விழத்தான் செய்யும். நீ கரையில் உட்கார்ந்து கோட்டைத் துவைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு "வந்துட்டேன்டி கொழந்தே, பயப்படாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. மன்னித்தேன் என்று எழுதினால் பொய். இப்போதைக்கு வரவில்லை.

ஆனால் ஒரு கதை கேள். 2007, நான் சேர்ந்த வருஷம். கருவாட்டுக் கிடங்கு ஒன்று எரிந்தது. முகமூடிக்குள் எனக்கும் வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? விழுங்கினேன். சீனியர்கள் பார்க்கக் கூடாது என்று விழுங்கிவிட்டு, வெளியே வந்து சிரித்துக்கொண்டே சாயா குடித்தேன். நீலாம்பாளுக்குக்கூடத் தெரியாது. சேவியர் வண்டி ஓட்டப் போனதே அவன் வயிற்றுக்குப் புகை ஒத்துக்கொள்ளாததால்தான். அவன் சொல்ல மாட்டான். பதினெட்டு வருஷத்தில் வாந்தி எடுக்காத ஒருத்தனை நான் பார்த்ததில்லை. எடுத்தேன் என்று சொன்ன ஒருத்தனையும் பார்த்ததில்லை. அன்றைக்கு உன் ஜோடியாக நின்ற நான் இதை முன்பே உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஆம்பிளை வீறாப்பு, சொல்லவில்லை.

உன் கடிதத்தைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். விசாரணையில் கொடுங்கள், மெமோ அடிபட்டுப் போகும் என்று அஞ்சனா சண்டை போடுகிறாள். கொடுக்க மாட்டேன். கிழிக்கவும் மாட்டேன். அதை நான் கொடுத்தால் உன் டேலியை நான் எடுத்த மாதிரி ஆகும். சேவியர் சட்டம் உனக்குத் தெரியும்.

எனக்குக் கேட்க வேண்டியது கிடைத்துவிட்டது. மேற்கொண்டு நீ என்ன செய்வாயோ செய். வேலையில்லாமல் வீட்டில் கிடப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதை உனக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். சோறு சாப்பிடு.

வெங்கிடராமன்


மட்டாஞ்சேரி
ஆகஸ்ட் 30, 2025

வெங்கிடண்ணாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் நாலாம் தேதி, காலை பரேட் முடிந்ததும் ஆனந்தகுமார் சார் அறைக்குப் போனேன். நின்றபடியே சொன்னேன். வாந்தியையும் சேர்த்துத்தான். சார் தனக்கு வந்த சாயாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்து, "எழுது, வரி விடாமல் எழுது" என்றார். விசாரணை அதிகாரி முன்னால் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அங்கே ஏழு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். 'சர்தி' என்ற சொல்லைச் சொன்னபோது ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் சிரிப்பை அடக்கினாரா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

உங்கள் மெமோவை விலக்கிக்கொண்டார்கள். தபால் உங்களுக்கு வந்திருக்கும். எனக்கு வேலை போகவில்லை. நிரந்தரமாவது இரண்டு வருஷம் தள்ளிப் போய்விட்டது, ஒரு வருஷத்துக்குப் புகைக்குள் போகக் கூடாது. பேட்ச் பெண்களின் போன் குழுவில் ஸுப்ரியா, இனி பத்து வருஷத்துக்கு நம்மைத்தான் சொல்லிக் காட்டுவார்கள் என்று எழுதினாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

அப்பாவிடம் சொன்னபோது அவர் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். அதைத் துப்பிவிட்டு, "ஏட்டி, அந்தப் பாலக்காட்டுக்காரரு ஒன்னயத் தேடித்தான போனாரு? பின்ன இத்தன நாளு எப்படிச் சோறு தின்ன?" என்றார். தின்னவில்லை என்று அம்மாதான் சொன்னாள்.

இப்போது என்னைப் பலகைக்குப் போட்டிருக்கிறார்கள். தீ எங்கே எரிந்தாலும் நான் வண்டிப் பக்கத்தில்தான். உள்ளே போகிறவர்களின் நேரம் எழுதுகிறேன், விசில் நேரத்தைக் கணக்குப் பார்க்கிறேன், வெளியே வந்தவர் டேலியைத் தன் கையால் எடுக்கும்வரை தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை. "இதெந்தா ரேஷன் கடையோ?" என்று சேவியர் சேட்டன் முணுமுணுக்கிறார், ஆனால் தண்ணீர் பாட்டில்களைத் தன் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்து எனக்கு உதவுகிறார். நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. உள்ளே போவதைவிட இதில்தான் கால் அதிகமாக வலிக்கிறது அண்ணா.

பலகையைத் தினமும் துடைக்கிறேன். இரண்டாவது கொக்கியை மட்டும் சுற்றித் துடைக்கிறேன். உங்கள் பெயரில் மூன்றாவது எழுத்து கரியில் மறைந்திருக்கிறது. அடுத்த மாதம் வண்டியைப் பார்வையிட வருகிறார்கள். அதற்குள் எல்லாக் கொக்கியும் காலியாக இருக்க வேண்டும் என்று சார் சொல்கிறார். எடுத்துத் துடைத்து உங்களுக்குத் தபாலில் அனுப்பட்டுமா? கேட்காமல் தொட மாட்டேன்.

சங்கரி


கல்பாத்தி
செப்டம்பர் 12, 2025

சங்கரி,

மெடிக்கல் போர்டில் உட்கார வைத்துத் தட்டிப் பார்த்தார்கள், குனியச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள். ஏணி ஏறும் வேலைக்குக் கால் இல்லை. போன் எடுக்கும் வேலைக்குக் குரல் இல்லை. மிச்சம் இருப்பது ஸ்டோர். ஹோஸ் எண்ணி, கயிறு எண்ணி, கையெழுத்து வாங்கி, ஓய்வு பெறும்வரை அங்கேதான். அழுகை வந்தது. நீலாம்பாள் முன்னால் அழ முடியாது என்று குளியலறைக்குப் போய் அழுதேன். வாந்தியானாலும் அழுகையானாலும் நமக்கு ஒளித்துத்தான் பழக்கம். திரும்பி வந்தபோது அவள் துண்டை நீட்டினாள்.

ஸுப்ரியா எழுதியதைப் பற்றி. சொல்லிக் காட்டுவார்கள்தான். அடுத்த தடவை யாராவது ஆரம்பித்தால் கருவாட்டுக் கதையைச் சொல். என் பெயரைப் போட்டே சொல். இனிமேல் எனக்கு அதில் போக ஒன்றும் இல்லை.

மன்னித்தேனா என்று நீ கேட்கவில்லை, நல்லது. கோபம் வருகிறது, போகிறது, கால் வலி மாதிரி. மழை நாளில் கொஞ்சம் கூடுதல்.

டேலியை அனுப்பாதே. தொடாதே. சாரிடம் சொல், வரும் இருபத்திரண்டு, திங்கட்கிழமை காலை பரேட் நேரத்துக்கு வருகிறேன். அதை நானே எடுக்கிறேன். அதுவரை பலகைப்படி நான் உள்ளேதான் இருக்கிறேன். அந்தக் கணக்கை யாரும் மாற்ற வேண்டாம். வண்டியின் படி எனக்கு உயரம், சேவியரிடம் சொல்லி ஒரு ஸ்டூல் போட்டு வை.

நடை மெதுவாகிவிட்டது. கேட்டிலிருந்து வண்டி வரை வர நேரம் எடுக்கும். நீ பலகைக்குப் பக்கத்தில் நில். இந்தத் தடவை நான் வரும்வரை அங்கேயே நில்.

வெங்கிடராமன்